சீட்டில் அந்தச் சொல் இருக்கிறதா?

வணக்கம் நேயர்களே. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக் தி கேதரிங்' சீட்டாட்டத்தில் புதியவர்களை அதிகம் குழப்புவது 'டார்கெட்' என்ற சொல். இலக்கு என்று தமிழில் சொல்லலாம். ஆடுகிறவர்கள் வாயில் டார்கெட்தான் வரும்.

பேச்சில் எதைக் குறிவைத்தாலும் இலக்குதான். இங்கே அப்படியில்லை. சீட்டில் அந்தச் சொல் அச்சாகியிருக்க வேண்டும். (ஆரா, எக்விப் போன்று வேறொன்றின் மேல் பொருத்துகிற சிலவற்றுக்கு மட்டும் அது விதிப்புத்தகத்தில் ஒளிந்திருக்கும்.) 'லைட்னிங் போல்ட்' ஒரு டார்கெட்டுக்கு 3 சேதம் என்கிறது. 'ராத் ஆஃப் காட்' எல்லா கிரீச்சரையும், அதாவது களத்தில் நிற்கும் உயிரினச் சீட்டுகளை, அழிக்கச் சொல்கிறது, எதையும் சுட்டவில்லை. அதனால் ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள கிரீச்சரும், அதாவது எதிராளி போடும் ஸ்பெல்லுக்கு (மந்திரச் சீட்டுக்கு) டார்கெட்டே ஆகாததும், அதில் போய்ச்சேரும்.

ஆடத் தொடங்கிய புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரே கிரீச்சர், அதற்கும் ஹெக்ஸ்ப்ரூஃப். அசைக்க முடியாது என்று உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் 'டயபாலிக் எடிக்ட்' போட்டார். "இதைத் தொட முடியாதே!" என்றேன். "நான் அதைத் தொடவே இல்லை, உங்களைத்தான் தொட்டேன்" என்றார். சரிதான். டார்கெட் ஆன ஆட்டக்காரர் ஒரு கிரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சீட்டு. எதைக் கொடுப்பது என்பது என் விருப்பம். இருந்ததே ஒன்று, விருப்பத்துக்கு எங்கே போக?

அடுத்தது நேரம். ஸ்பெல்லைப் போடும்போதே டார்கெட்டைச் சொல்லிவிட வேண்டும். அது நிறைவேறும் கணத்தில் டார்கெட் இன்னும் செல்லுபடியாகுமா என்று ஆட்டம் மறுபடி பார்க்கும். இடைப்பட்ட நேரத்தில்தான் விளையாட்டே. 3/3 கிரீச்சர் (தாக்கும் வலிமை 3, தாங்கும் வலிமை 3) மேல் போல்ட் வருகிறது. பதிலுக்கு, இரண்டையும் 3 கூட்டும் 'ஜயன்ட் க்ரோத்' போடுகிறீர்கள். கடைசியாகப் போட்டது முதலில் நிறைவேறும், கிரீச்சர் 6/6 ஆகிறது. போல்ட் விழுகிறது, ஆனால் சாகவில்லை. டார்கெட் செல்லும், வேலைதான் பலிக்கவில்லை. அதே இடத்தில் ஹெக்ஸ்ப்ரூஃப் கொடுத்திருந்தால் டார்கெட்டே செல்லாமல் போய், போல்ட் முழுதாக வீணாகும்.

'எலக்ட்ரோலைஸ்' இன்னும் சுவையானது. 2 சேதத்தை ஒன்று அல்லது இரண்டு டார்கெட்டுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரு சீட்டும் எடுக்கலாம். எல்லா டார்கெட்டும் செல்லாமல் போனால் சீட்டும் கிடையாது. இரண்டில் ஒன்று மட்டும் நழுவினால், மற்றது தன் 1 சேதத்தை வாங்கிக்கொள்ளும், நீங்களும் சீட்டை எடுப்பீர்கள். நழுவியதன் பங்கை இதன் தலையில் ஏற்ற முடியாது.