சாக்கெட்டை மாற்றினால் மட்டும் ஐபிவி6 வந்துவிடாது!

வணக்கம் மக்களே, பினாங்கிலிருந்து மறுபடியும் நான்தான். பழைய மென்பொருளை ஐபிவி6க்கு, அதாவது இணைய முகவரியின் புதிய, நீளமான வடிவத்துக்கு, எப்படிக் கொண்டுபோவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், சரி, நேராக விஷயத்துக்கு வருவோம்.

ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தட்டுப்பாட்டுக்கு வந்தது 2011இலேயே. நம்ம ஊர் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் ஐபிவி6க்கென்றே தேசிய ஆய்வு மையம் அமைத்தார்கள், ஆனால் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஆபீஸில் நான் பார்த்த புரோகிராம் கோடு (code) இன்னும் "முகவரி என்றால் நாலு எண், மூணு புள்ளி" என்றே நம்பிக்கொண்டிருக்கிறது லா.

சாக்கெட், அதாவது புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசத் திறக்கும் வாசல், அந்த வேலை சுலபம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரி தரும் பழைய 'கெட்ஹோஸ்ட்பைநேம்' (gethostbyname) இருக்கும் இடத்தில் புதிய 'கெட்அட்ரின்ஃபோ' (getaddrinfo) போடுங்கள், இரண்டு வகை முகவரியும் பட்டியலாக வரும், முதலாவது கிடைக்கவில்லை என்றால் அடுத்ததை முயற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உயிரை வாங்குவது மற்ற இடங்கள். டேட்டாபேஸில் ஐபி முகவரிக்கான நெடுவரிசை (column) 15 எழுத்துக்கு இருக்கும், ஏனென்றால் ஐபிவி4 அதைத் தாண்டாது. ஐபிவி6ஐ விரித்து எழுதினால் 39 வரும். சில டேட்டாபேஸ் சத்தமே போடாமல் வாலை வெட்டிவிடும், அப்புறம் லாகில் (வருகைப் பதிவில்) வேறு வேறு ஆட்கள் எல்லாம் ஒரே ஆளாகத் தெரிவார்கள், எவன் எங்கிருந்து வந்தான் என்று தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து முக்காற்புள்ளி. முகவரிக்குப் பின்னால் வரும் போர்ட் எண்ணைப் பிரிக்க ':' கண்ட இடத்தில் வெட்டும் கோடு, ஐபிவி6இல் முகவரிக்குள்ளேயே ':' இருப்பதால் முகவரியையே வெட்டும். அதனால்தான் [::1]:8080 என்று அடைப்புக்குள் எழுதுகிறோம். இன்னொன்று, பூஜ்ஜியங்களைச் சுருக்கி எழுதிய ::1 என்பதும் 0:0:0:0:0:0:0:1 என்பதும் ஒரே முகவரி. எழுத்தாக ஒப்பிட்டால் வேறு வேறு என்றுதான் சொல்லும், ஆகவே 'இனெட்_பிடான்' (inet_pton) மூலம் பைட்டுகளாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

தொல்லை கொடுக்கும் ஒருவரைத் தடுக்க ஒற்றை முகவரியை மட்டும் பிளாக் செய்வதும் வீண். வீட்டு இணைப்புக்கு வழக்கமாகக் குறைந்தது ஒரு /64, அதாவது முதல் 64 பிட் ஒன்றாக இருக்கும் முகவரிக் கூட்டம், கிடைக்கும், அதற்குள் நொடிக்கொரு முகவரி மாற்றலாம். முதல் 64 பிட்டைப் பார்த்துத் தடுங்கள்.

சோதிக்க, மேக் வைத்திருந்தால் இன்டர்நெட் ஷேரிங்கில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு போனால் ஐபிவி6 மட்டும் கொடுத்து, ஐபிவி4 தளங்களுக்கு மொழிபெயர்த்து அனுப்பும் நாட்64 (NAT64) நெட்வொர்க் போடலாம். ஆப்பிள் 2016 ஜூனிலிருந்தே ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஓடாத ஆப்பை ஏற்பதில்லை. அந்த வைஃபையில் உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள், எங்கே தொங்குகிறதோ அங்கே பெரும்பாலும் யாரோ ஐபிவி4 எண்ணை நேரடியாகக் கோடில் எழுதி வைத்திருப்பார்கள்.