கொடியில் இருக்கும் பறவைக்குப் பொந்து எங்கே?

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மைக்செட்டுக்கு ஏற்பாடு செய்த வணிகர் சங்கத்து அண்ணாச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் ஐயாவைச் சொல்லாமல் விட்டால் தப்பு, இந்தக் கூடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர் அவர்தான்.

கிறிஸ்துமஸ் தீவின் கொடியைப் பற்றி நிறம், நட்சத்திரம், பறவை என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஜாவாவுக்குத் தெற்கே 135 சதுர கிலோமீட்டர் தீவு அது. 1958 வரை சிங்கப்பூரோடு இருந்தது, அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1986இல் நூறு டாலர் பரிசு அறிவித்துக் கொடிக்குப் போட்டி வைத்தார்கள். சிட்னிக்காரர் டோனி கௌச் வரைந்தது ஜெயித்தது, ஆனால் அதிகாரபூர்வக் கொடியாக 2002 ஆகிவிட்டது. கோணல்கோடு போட்டு மேலே பச்சை, கீழே நீலம். காடும் கடலும். நடுவில் பொன்வட்டத்துக்குள் தீவின் உருவம், நீலத்தில் தென்சிலுவை நட்சத்திரங்கள், பச்சையில் நீள வாலோடு பொன்னிறப் போசன் பறவை.

சுவர் இருந்தால்தான் சித்திரம். இதை எந்த மேடையிலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

அந்த ஊர்க்காரர்கள் சுவரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே செந்நண்டு கோடிக்கணக்கில் இருக்கிறது. மழை பிடித்ததும் காட்டைவிட்டுக் கடலுக்குக் கிளம்பும், முதலில் ஆண் நண்டு, பின்னாலேயே பெண். ரோடு, வாசல், தோட்டம் எல்லாம் சிவப்பு. உடனே என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரோட்டையே மூடுகிறார்கள்! வண்டியில் போகவேண்டியவர் இறங்கி, இலை வாரும் வாரியால் நண்டுகளைப் பதமாக ஒதுக்கிவிட்டு, ஏறி, பத்தடி போய் மறுபடி இறங்குகிறார். ரோட்டுக்கு மேலே நண்டு ஏறிப்போக ஒரு பாலமே கட்டியிருக்கிறார்கள் ஐயா, மனுசனுக்கு இல்லை, நண்டுக்கு! கொடியில் இடம் கிடைக்காத நண்டுக்கே இவ்வளவு மரியாதை.

அந்தத் தீவிலும் இழப்பு உண்டு. அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு சின்ன வௌவாலின் சத்தம் 2009 ஆகஸ்டில் கடைசியாகக் கேட்டது, அதோடு சரி. பொன்னிறப் போசன் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் ஒரே ஒரு முட்டை இடும். அதையும் எலி விட்டுவைப்பதில்லை. பொந்துள்ள மரமும் போனால் கொடியில் இருப்பது வெறும் படம். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

நம்ம மாநிலப் பறவை மரகதப்புறா. அதன் உறவு அந்தத் தீவுக் காட்டிலும் இருக்கிறது. நாமும் பறவையைச் சின்னமாக வைத்திருப்பவர்கள்தான். ஆனால் ஏரிக்கரை ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். ஏழாம் நம்பர் மரத்துப் பொந்தில் கிளி இருக்கிறது, அதற்கு மேல் பொந்தில் புள்ளி ஆந்தை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் இரண்டையும் பார்க்கலாம். தலைவர் அம்மா, ரோடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிழக்குப்பக்கம் புறம்போக்கு காலியாகக் கிடக்கிறது, ரோட்டை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள்.

நட்சத்திரத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார். வாசலில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை காலை நகராட்சியில் கொடுக்கப் போகிறோம், வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு அங்கே வந்துவிடுங்கள்.