தோற்றாலும் அரைப் பேர்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் விளையாட்டுப் பிள்ளைகள் கூடிய ஒரு சின்னக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், நடுவில் வந்த இருமலையும் மைக் கூவியதையும் மட்டும் விட்டுவிட்டேன்.)

பிள்ளைகளே, பெற்றோரே, இடம் இருந்தும் உட்காராமல் வாசலில் நிற்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட வந்தவர்கள், "கூடைப்பந்தாட்டம் பற்றிப் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் சேர்" என்றார்கள். உற்சாகப் பேச்சு எனக்கு வராது. ஒரு புள்ளி அட்டவணையைப் பற்றித்தான் பேசப் போகிறேன், கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள்.

போன வருஷம், 2025 ஆகஸ்டில், சவூதி அரேபியாவின் ஜித்தாவில் ஆசியக் கூடைப்பந்துக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. அவுஸ்திரேலியா 90, சீனா 89. ஒரே ஒரு புள்ளி. (அவுஸ்திரேலியா எப்போது ஆசியாவுக்கு வந்தது என்று அந்த மூலையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள், 2017இலிருந்து ஓசியானியா நாடுகளையும் சேர்த்துத்தான் நடத்துகிறார்கள்.) அந்தக் கிண்ணத்துக்கு ஆடியவை 16 நாடுகள். அந்தப் பதினாறுக்குள் நுழைய 24 நாடுகள், நான்கு நான்காக ஆறு குழுக்களில், தங்கள் ஊரிலும் எதிராளி ஊரிலுமாக மாதக்கணக்கில் மோதின. அந்த இருபத்து நான்குக்குள் வருவதற்கும் கீழே ஒரு வாசல் இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகள் முதலில் தட்ட வேண்டியது அந்த வாசலைத்தான்: வட்டாரத் தகுதிகாண் போட்டி. நமக்குத் தெற்காசிய வட்டாரம். நேபாளம், பங்களாதேஷ், மாலைதீவு, பூட்டான், பாகிஸ்தான், அப்புறம் நம் எல்லாருக்கும் பெரியண்ணனாக இந்தியா. 2015இல் பெங்களூரில் நடந்தபோது இந்தியாதான் வென்றது, வென்ற கையோடு சீனாவின் சாங்ஷாவுக்கு ஆசியப் போட்டி ஆடப் போனது. மற்றவர்கள் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு.

சரி, வெல்ல முடியாது என்று பாதி தெரிந்தே ஒரு அணி ஏன் விமானம் ஏறுகிறது? இங்கேதான் அட்டவணை வருகிறது.

கூடைப்பந்தாட்ட விதிப்படி வென்ற அணிக்கு அட்டவணையில் 2 புள்ளி. தோற்ற அணிக்கு 1 புள்ளி. பூச்சியம் இல்லை, ஒன்று. உதைபந்தாட்டத்தில் தோற்றால் ஒன்றும் கிடையாது, இங்கே உண்டு. பூச்சியம் யாருக்கு என்றால், வராதவனுக்கு. ஆட்ட நேரம் தாண்டி 15 நிமிடத்துக்குள் ஐந்து பேரை இறக்க முடியாவிட்டால் 20-0 என்று எழுதி, புள்ளி பூச்சியம் என்று போட்டு, தாளை மடித்துவிடுவார்கள். ஐந்து அணிகள் ஆடும் போட்டியில் நான்கு ஆட்டத்தையும் தோற்றுவிட்டு வருகிறவன் கையில் 4 புள்ளி இருக்கும்.

இது வெள்ளைக்காரன் யோசித்த கணக்கு என்று நினைக்காதீர்கள், நம் அம்மாமாருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். வராவிட்டால் அரைப் பேர். மலைக்கே போகாவிட்டால் செக்ரோலில், அந்த வரவுப் பதிவேட்டில், பேரே இல்லை. அந்த அரைப் பேரால் வீட்டுக்கு வீடு எவ்வளவு சண்டை, எவ்வளவு கண்ணீர் என்பதும் எனக்குத் தெரியும், நாள் முழுக்க மழையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்றவனுக்கு ஒரு புள்ளி என்று நான் முதல்முறை படித்தபோது மனதில் வந்தது அந்தச் சொல்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் அதைப் படித்ததே ஒரு பூச்சியம் வாங்கிய பிறகுதான். பாடசாலையில் படிக்கிற காலம், பக்கத்து ஊரில் ஒரு போட்டி. பத்து மணிக்கு ஆட்டம். நாங்கள் நான்கு பேர் ஒன்பதரைக்கே போய், இருந்த ஒரே பந்தை ஆளுக்கு இரண்டு தடவை எறிந்து பார்த்துவிட்டு நிற்கிறோம். ஐந்தாவது ஆள் போகவந்தலாவைப் பக்கம், கீழ்ப் பிரிவுத் தோட்டம். இரவு முழுக்க மழை, நோர்வூட்டுக்கு அப்பால் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், மறுபடி கடிகாரம். நல்ல மனிதர்தான், பதினைந்து நிமிடமும் முழுசாகக் காத்திருந்தார். பதினாறாவது நிமிடம் பேனாவை எடுத்தார். அவன் வந்து சேர்ந்தபோது பத்து இருபது இருக்கும். காற்சட்டை முழங்கால் வரை சேறு, சப்பாத்தை நனையாமல் சொப்பிங் பையில் கட்டி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். தாளில் 20-0 என்ற மை காய்ந்துகூட இருக்காது.

விதியில் இன்னொரு வேடிக்கை. தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும், தொடங்கிவிட்டால் இரண்டு பேர் மிஞ்சும்வரை ஆடலாம். அதுவும் குறைந்து ஒரே ஆள் நின்றால் ஆட்டம் போய்விடும், ஆனாலும் அந்த 1 புள்ளியைப் பறிக்க மாட்டார்கள். வந்துவிட்டான் அல்லவா.

இப்போது சிலர், "வராதது பிள்ளைகளின் குற்றமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஒரு முழு மைதானம் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். நம் மலையில் அவ்வளவு சமதரை எங்கே கிடக்கிறது? கிடந்தாலும் அதில் தேயிலை நிற்கும், இல்லாவிட்டால் தோட்டத்து வரிசை வீடான லயம் நிற்கும். வலைப்பந்துக்குக் கம்பம் நட்டுவிடலாம், கரப்பந்துக்கு வலை கட்டிவிடலாம், கூடைப்பந்துக்குப் பலகையும் வேண்டும், வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றரில் ஆடாமல் நிற்கவும் வேண்டும், பந்து துள்ள சீமெந்தும் வேண்டும். அதனால்தான் மூவர் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். ஒரே வளையம், 15க்கு 11 மீற்றர், பத்து நிமிடம், அதற்குள் யார் 21 எடுத்தாலும் ஆட்டம் முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதை முதன்முதலாகச் சேர்த்தபோது ஆண்கள் தங்கத்தைக் கொண்டுபோனது லத்வியா, இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு.

மழை என்று சொல்லாதீர்கள். 1936இல் பேர்லினில், கூடைப்பந்து ஒலிம்பிக்குக்குள் வந்த முதல் வருஷம், இறுதிப் போட்டியை வெட்ட வெளியில் மண் தரையில் வைத்தார்கள். கொட்டு கொட்டென்று கொட்டியது. பந்தைத் தட்டினால் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், துள்ளாது. அமெரிக்கா 19, கனடா 8. உலகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்தே 27! நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை மழையில் இதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. தேசிய அணிக்கு ஆட முதலில் அந்த நாட்டின் கடவுச்சீட்டு வேண்டும், அந்தக் குடியுரிமையையும் பதினாறு வயதுக்கு முன்பே பெற்றிருக்க வேண்டும், பிந்திப் பெற்றவரில் ஒரு அணிக்கு ஒருவருக்குத்தான் இடம். மற்ற நாட்டுக்காரருக்கு இது வெறும் காகித விஷயம். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான பேர் கப்பலேறி, மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்து முடிந்த சனம் நாங்கள், மலையகத் தமிழர். என் அப்பாவுக்குப் பதினாறு வயதில் கடவுச்சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. எவ்வளவு உயரம் குதித்திருந்தாலும் அவர் எந்த நாட்டுக்கு ஆடியிருப்பார்? உங்கள் பைக்குள் அடையாள அட்டை இருக்கிறது. அதனால்தான் பயிற்சிக்கு வராமல் போனை நோண்டிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கோபம் வருகிறது.

முன்வரிசைத் தங்கச்சி கை தூக்குகிறார். என்னம்மா? அந்த ஐந்தாவது ஆள் என்ன ஆனார் என்றா?

அவன் ஒன்றும் பேசவில்லை. படியில் உட்கார்ந்து பையை அவிழ்த்து, சப்பாத்தைப் போட்டு, நாடாவை நிதானமாகக் கட்டினான். எதிரணிப் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், அவர்களில் ஒருவன்தான் பந்தை எங்கள் பக்கம் உருட்டிவிட்டான். நடுவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். தாளில் எழுதாத ஆட்டம். 41-38, அதிலும் தோற்றோம். கடைசி ஆறு புள்ளி அவன் போட்டது, சேறு காயாத காலோடு.

தேத்தண்ணி ஆறுகிறது, குடித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சி. தூரத்திலிருந்து வருகிறவர்கள் வெள்ளி இரவே என் வீட்டில் வந்து படுக்கலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.