ஏலத்துக்குப் போகும் ஓலைப்பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கைத்தொழில் செய்யும் சிறு நிறுவனங்கள் உள்ளூர் தரும ஏலங்களுக்குத் தங்கள் பொருளைக் கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் அழைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே, பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் குழு ஒன்றை நான் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். வருடத்துக்கு வருடம் யாராவது வந்து ஏலத்துக்குப் பெட்டி கேட்பார்கள், நாங்களும் கொடுப்போம். கொடுப்பது நல்லதுதான். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

தரும ஏலம் என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ ஊர்களில் அறுப்பின் பண்டிகை வந்தால், விளைச்சலில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முட்டை, தென்னங்கன்று, வீட்டில் செய்த கேக், தைத்த தலையணை உறை எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஒருவர் பொருளைத் தூக்கிப் பிடித்து ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ, கேள்வி, அதாவது கேட்கும் விலை, ஏறிக்கொண்டே போகும். அந்தப் பணம் ஆலயத்துக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் போகும்.

கோவில்களிலும் இது உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோவிலில், பங்குனி உத்திர விழாவின்போது வேலில் செருகி வைத்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024இல் ஒன்பது பழங்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். குழந்தை வரம் வேண்டி அந்தப் பழத்தைக் கேட்கிறார்கள். அங்கே ஏறுகிற விலை சாமியின் அருளுக்கு உரியது, பழத்துக்கு உரியது அல்ல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏலத்தில் ஒரு பொருளுக்கு என்ன விலை வரும் என்பது வந்திருப்பவர்கள் அதில் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேலில் இருந்த பழத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தை விலை நினைவுக்கே வராது. ஆனால் ஓலைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினால், "இது திருச்செந்தூர்ல இத்தன ரூபாய்க்குக் கிடைக்கும்" என்று உடனே ஒரு கணக்கு ஓடும். அதற்கு மேல் கேட்கக் கை எழும்பாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பண்டிகை ஏலத்துக்கு எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் முடைந்த மூடிப்பெட்டியைக் கொடுத்திருந்தோம். நாங்கள் எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். குருத்தோலையைப் பொடிசாகக் கீறி, ஒரு பங்கைச் சாயத்தில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டு நிறம் கலந்து முடைந்த பெட்டி. மூடி இறங்கி உட்கார்ந்தால் இடையில் நகம் போகாது. அப்படி ஒரு பெட்டிக்குக் குருத்து நல்லதாக அமைய வேண்டும். பதநீர்க் காலத்தில் பனையேறுகிறவர்கள் வெட்டித் தந்தால்தான் உண்டு. பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மழைக்காலத்தில் ஓலை பூசணம் பிடித்துவிடும் என்பதால் காய்ந்த ஓலையைப் பத்திரமாக வைத்திருந்து எடுக்க வேண்டும். இதெல்லாம் பந்தலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குப் பெட்டிக்கு முன் ஒரு பூசணிக்காய் ஏலம் போயிற்று. ஊர்க்காரர் ஒருவர் எடுத்தார். எடுத்தவர், "திரும்பவும் ஏலம் விடுங்க" என்று மேடையிலேயே வைத்துவிட்டார். இன்னொருவர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். ஒரே பூசணிக்காய் சுற்றிச் சுற்றி வந்து பணம் சேர்த்தது. கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்து பெட்டி வந்தது. ஏலம் கூறுபவர் தூக்கிப் பிடித்து, "ஓலைப்பெட்டி! நூறு ரூபா!" என்றார். நூற்றில் ஆரம்பித்த கேள்வி முந்நூறைத் தாண்டவில்லை. மூணு தரம் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பெட்டிக்கு நான் ஆச்சிக்குக் கொடுத்த கூலியில் பாதிகூட இல்லை.

தருமத்துக்குத்தானே கொடுத்தோம், எவ்வளவுக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு நஷ்டம் இருக்கிறது. முதல் நஷ்டம் தருமத்துக்கு. நாங்கள் அந்தப் பெட்டியைக் கடையில் விற்று அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டிருந்தால் கூடுதலாகவே போயிருக்கும். இரண்டாவது நஷ்டம் முடைகிறவர்களுக்கு. ஊரே கூடியிருந்த இடத்தில், இவ்வளவு வேலைப்பாடுள்ள மூடிப்பெட்டிக்கு முந்நூறு ரூபாய் என்று ஒரு விலை விழுந்துவிட்டது. அடுத்த வாரம் எங்களிடம் வாங்க வந்தவர் அதே விலையைச் சொல்லித்தான் பேரம் பேசினார். நூறு பேர் முன்னால் விழுந்த விலையை எடுத்து நிறுத்த ரொம்ப நாள் ஆகிறது.

அடுத்த வருடம் ஒரு அட்டை எழுதிக் கட்டினோம். எந்த ஊரில் முடைந்தது, எத்தனை நாள் வேலை, எவ்வளவு ஓலை, கூலி எவ்வளவு, அடக்கவிலை எவ்வளவு என்று தமிழில், தூரத்திலிருந்து வாசிக்கும்படி பெரிய எழுத்தில். "இதற்குக் கீழே ஏலத்தை ஆரம்பிக்க வேண்டாம்" என்று கடைசி வரி.

ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "கர்த்தருக்குக் குடுத்ததுக்குக் கணக்கு எழுதி நூல்ல கட்டித் தொங்கவிடுவாங்களாம்மா? வலது கை குடுக்கது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னுல்லா வேதம் சொல்லுது" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏனென்றால் ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. நான் சொன்னேன்: "ஆச்சி, உங்க கூலியை உங்களுக்குக் கொடுத்தாச்சு. பெட்டியைக் கொடுக்கிறது குழு. அதனால் அட்டையில் குழுவின் பெயரைப் பெரிதாகப் போடவில்லை. ஆனால் வேலையின் அளவைச் சொல்லாமல் விட்டால், இங்கே இருக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளை எதை நம்பி இந்தத் தொழிலுக்கு வரும்?" ஆச்சி சரி என்று சொல்லவில்லை. "என் பேரை மட்டும் எழுதாத, ஊர் பேரைப் போடு" என்றார். அப்படியே போட்டோம். இன்றுவரை அட்டையில் ஊர்ப் பெயர்தான்.

அந்த வருடம் ஏலம் கூறியவர் அட்டையை முழுக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க முன்வரிசையில் இருந்தவர்கள் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், மூடியைத் திறந்து மூடினார்கள். மும்பையில் கடை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரும், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். அடக்கவிலையைப் போல மூன்று மடங்கு போயிற்று. டீச்சர் எடுத்தார். பூசணிக்காயைப் போலத் திருப்பிக் கொடுப்பார் என்று பார்த்தால், கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முடைந்தவருக்கு, தைத்தவருக்கு, பின்னியவருக்குக் கூலி கொடுத்த பிறகுதான் தருமம். நிறைய இடங்களில் என்ன நடக்கிறது? ஏலத்துக்கு என்று கேட்டு வருகிறார்கள். குழு நடத்துபவர் சரி என்கிறார். "நல்ல காரியத்துக்குத்தானே, ஆளுக்கொரு பெட்டி போட்டுக் குடுங்க" என்று வேலை செய்கிறவர்களிடம் சொல்கிறார். மேடையில் சால்வை நிறுவனத்துக்கு. வேலை ஓலை முடைந்த பெண்களுக்கு. அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எதை வைத்து எரியும்? அவர்கள் தாங்களாக விரும்பிக் கொடுத்தால் அது அவர்கள் காணிக்கை, அவர்கள் பெயரில் போகட்டும். நிறுவனம் கொடுத்தால் நிறுவனத்தின் லாபத்திலிருந்து போகட்டும்.

இது நம் பக்கத்தில் புதிதாகச் சொல்லப்படும் விஷயமும் இல்லை. லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற பணம் பள்ளிக்கு உதவியது. பின்னிய பெண்களுக்கும் அதில் வருமானம் இருந்தது. படிப்புக்கும் பணம், பின்னியவர் கைக்கும் காசு. அவர்கள் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடிக்குப் போனார். லேஸ் வேலையும் அவரோடு அங்கே போயிற்று. கால்டுவெல்லை மொழி ஆராய்ச்சிக்காக நாம் எல்லோரும் அறிவோம். இடையன்குடிப் பெண்கள் கையில் நூலும் கூலியும் வந்தது எலைசா அம்மையாரால். அவரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும், அதற்குத் தனி உரை வேண்டும். இங்கே சொல்ல வந்தது, தரும காரியமும் கூலியும் ஒன்றையொன்று தின்னாமல் 200 வருடத்துக்கு முன்பே நம் ஊரில் நடந்திருக்கிறது என்பதைத்தான்.

சரி, எதைக் கொடுப்பது? விற்காமல் கிடப்பதைக் கொடுக்காதீர்கள். "மீந்துபோனது ஏதாவது இருந்தா குடுங்க" என்று கேட்டே வருகிறவர்கள் உண்டு. போன வருடத்துப் பெட்டி நிறம் மங்கியிருக்கும், ஓலை முறுகியிருக்கும். அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினால் இதுதான் இவர்கள் வேலை என்று நினைப்பார்கள். அதேபோல, கடையில் சாதாரணமாகக் கிடைப்பதையும் ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம். கிலுகிலுப்பை, சின்னக் கொட்டான், விசிறி எல்லாம் பண்டிகைக் கடையில் விலை எழுதி வைத்து விற்கட்டும். அங்கே பிள்ளைகள் வாங்குவார்கள். ஏலத்துக்கு ஒன்றே ஒன்று, வேறெங்கும் கிடைக்காத ஒன்று. வருடத்துக்கு எத்தனை கொடுக்க முடியும் என்று தை மாதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டு வருகிறவர்களிடம், "இந்த வருசம் முடிஞ்சுது, அடுத்த வருசம் முதல்ல உங்களுக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பொருளே இல்லாமல் ஒரு சீட்டும் கொடுக்கலாம். "ஏலம் எடுப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, அவர்கள் சொல்லும் நிறத்தில், தாம்பூலப் பெட்டி முடைந்து தருகிறோம்" என்று எழுதி, எத்தனை பெட்டி, எந்தத் தேதிக்குள் என்று போட்டுக் கையெழுத்து. கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை விட மாட்டார்கள். இதற்குச் சந்தை விலை என்று ஒன்று யார் மனதிலும் ஓடாது. ஓலை வீணாகாது, நமக்கும் நாள் கிடைக்கிறது.

விளம்பரம் கிடைக்கும் என்று சொல்லித்தான் பலர் கேட்பார்கள். கிடைக்கலாம். அதை நம்பிக் கொடுக்காதீர்கள். அந்தக் காரியம் உங்களுக்கு வேண்டிய காரியமாக இருந்தால் கொடுங்கள். பனங்காட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவுக்கு வேண்டிய காரியம். அதனால் கொடுக்கிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வரி விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள், மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்திருந்தால், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உரிய பங்கைத் திருப்ப வேண்டும். கணக்குப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் பெரும்பாலும் பதிவு வரம்புக்குள்ளேயே வராது.

அப்புறம் ஏலம் நடத்துகிறவர்களுக்கு. கைவேலைப் பொருளை அசனத்துக்கு, அதாவது ஆலய விருந்துக்கு, இலை போடும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள், கூட்டம் இருக்கும்போது நடுவில் விடுங்கள். அட்டையை வாசியுங்கள். அடக்கவிலைக்குக் கேள்வி வரவில்லையென்றால் பொருளைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், அவர் விற்றுப் பணமாகத் தருவார். எந்தப் பொருள் எவ்வளவுக்குப் போயிற்று என்று மறுநாள் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடைந்தவர் அதைக் கேட்கக் காத்திருப்பார்.

நன்றி, வணக்கம்.