வெளிநாட்டுப் பயணத்தில் விஞ்சி நிற்பது இன்னலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியலைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'வெளிநாட்டுப் பயணத்தில் விஞ்சி நிற்பது இன்பமா, இன்னலா?' இதுதான் இன்றைய தலைப்பு. இன்பமே என்று பேசிய அண்ணன், கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைத்து வந்தார். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்றார், கைதட்டல் வாங்கினார். பூங்குன்றனார் சொன்னது சரி. அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? "கேளிரா? ரொம்ப சந்தோஷம். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எங்கே?" என்கிறார்கள்.

அடுத்து வந்த சகோதரி ஔவையாரைக் கூப்பிட்டார். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு.' அம்மா, ஔவை தேடத்தான் சொன்னாள். நாம் கடல் தாண்டிப் போய், கையில் இருக்கிற திரவியத்தையும் கரைத்துவிட்டு வருகிறோம்.

சாப்பாடு, தூக்கம், ஸ்டேஷன் கழிவறைக்குக் காசு கொடுத்து உள்ளே போனால் அங்கே தண்ணீர் இல்லாத கொடுமை, இதையெல்லாம் எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் பார்த்துக்கொள்வார். அவருக்கு அதில் அனுபவம் அதிகம். நான் ஒன்றே ஒன்றைத்தான் பேசப்போகிறேன். விசா.

போன வருஷம் அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனேன். அப்பா தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஊரார் கொண்டுவரும் காகிதங்களைக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்து, "ஜெராக்ஸ் தெளிவா இல்ல, வேற எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பியே ரிடையர் ஆனவர். அவர், ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தருகிற ஷெங்கன் விசாவுக்கு ஃபைல் தயார் செய்தார். 35க்கு 45 மில்லிமீட்டரில் போட்டோ. 30,000 யூரோவுக்குக் குறையாத இன்சூரன்ஸ். போக, வர டிக்கெட். எந்த ராத்திரி எந்த ஊரில் படுப்போம் என்பதற்கு ஓட்டல் புக்கிங். பென்ஷன் ஆர்டர். இதோடு, யாருமே கேட்காத தென்னந்தோப்புப் பட்டா ஒன்று.

"இது எதுக்குப்பா?"

"தோப்பை விட்டுட்டு அங்கேயே இருந்துடுவேனான்னு அவனுக்குத் தெரியணும்ல?"

விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், என் தங்கை வயசில் ஒரு பெண். காகிதங்களைப் புரட்டினார். ஒன்றைத் தனியே எடுத்து, "சார், இந்த ஜெராக்ஸ் தெளிவா இல்ல, வேற எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் விசா மறுக்கும்போது தருகிற படிவத்தில் ஒரு காரணம் முன்கூட்டியே அச்சடித்து இருக்கிறது. விசா முடிவதற்குள் நீங்கள் வெளியேறுவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. கட்டிய 90 யூரோவும் போச்சு. 2024 ஜூனுக்கு முன்னால் 80 யூரோ போச்சு. நம் வீட்டில் பிடிக்காத சம்பந்தி வந்தால்கூட, "எப்ப கிளம்புறீங்க?" என்று வாசற்படியிலேயே கேட்போமா?

எல்லா நாடும் வீட்டைப் பூட்டத்தானே செய்யும், இந்தியாவும் விசா கேட்கிறதே என்று எதிரணி கேட்கும். நியாயம். தாராளமாகப் பூட்டட்டும். அந்தப் பூட்டுக்கு முன்னால் இரண்டு மாதம் நின்ற மனுஷனுக்கு, உள்ளே போனபிறகாவது அது மறக்கிறதா? அதுதான் என் கேள்வி.

எதிரணிச் சகோதரி, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா ஓவியத்தைப் பார்த்துச் சிலிர்த்ததாகச் சொன்னார். நாங்களும் பார்த்தோம். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் நூறு செல்போன்கள். அப்பா பார்த்தது யாரோ ஒருவர் செல்போனுக்குள் தெரிந்த மோனாலிசாவைத்தான். அதே அறையில் எதிர்ச் சுவரில் வெரோனேசே என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த, பைபிளில் வரும் கானாவூர் கல்யாண விருந்து இருக்கிறது. கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம் அதுதான். மொத்தக் கூட்டமும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அம்மா மட்டும் திரும்பி, "இங்க பாருடா, பந்தி நடக்குது" என்றார். அந்த ஒரு நிமிஷம் இன்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். எதிரணி குறித்துக்கொள்ளலாம்.

இந்த ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன கிராமம். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. இனி நமக்குள் எல்லையில் சோதனை வேண்டாம் என்பது ஒப்பந்தம். இன்றைக்கு அதில் 29 நாடுகள். கதவைக் கழற்றி வைத்ததற்குத்தான் அந்த ஊர்ப் பெயர். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே வயிற்றைக் கலக்குகிறது.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ஜெர்மனியின் கேல் ஊருக்கு 2017 முதல் ட்ராம் ஓடுகிறது. ரைன் ஆற்றுப் பாலத்தின் மேல் போகும். ஏறினோம். அப்பா மடியில் அதே ஃபைல். மேலே பாஸ்போர்ட், அடியில் இன்சூரன்ஸ், அதற்கும் அடியில் பட்டா. எதிர் சீட்டில் ஒரு பெண்மணி காலிப் பையோடு காய்கறி வாங்கப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பாலம் வந்தது. அம்மா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். அப்பா ட்ராமின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதாவது போலீஸ் சோதனை உண்டாம். அன்றைக்கு யாரும் வரவில்லை.

"எறங்கலாம்ப்பா, கேல் வந்தாச்சு."

"பார்டர் எங்கடா?"

"அது அப்பவே போயிடுச்சு."

அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"திரும்பி வர்றப்ப கேட்பான்" என்றார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.