சேலையைத் திருப்பிப் போட்டால்

வணக்கம். உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய காஞ்சிபுரம் பட்டு இருந்தால், இந்தப் பேச்சு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். உடலும் கரையும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்த்த கோர்வைச் சேலையாக இருந்தால் அங்கே லேசாகத் தடிப்பு தட்டும்.

இதை எனக்குக் காட்டியவர் என் பாட்டி. வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், அவருடைய கல்யாணச் சேலையை விரித்து, கரையில் இருந்த மயிலைத் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "மயில் போதும்மா, திருப்பிப் போடு" என்றார். என் விரலைப் பிடித்து அந்தத் தடிப்பின் மேல் வைத்தார். "இங்கே ரெண்டு பேரோட கை இருக்கு."

உண்மைதான். கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும்; தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டைதான் நாடா. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளுவார். எதற்கு இவ்வளவு பாடு? அரக்கு அரக்காகவும் மஞ்சள் மஞ்சளாகவும் நிற்க வேண்டும். ஒரே நாடா ஓடினால் இரண்டும் கலங்கிவிடும்.

அருங்காட்சியகம் போகும் இளம் வடிவமைப்பாளர்கள் மாங்காயையும் அன்னத்தையும் படம் பிடித்து வருகிறார்கள். பிறகு அது தலையணை உறையில் அச்சாகிறது. எனக்கு அது போதவில்லை. நான் கோர்வையை எடுத்துக்கொண்டு பருத்தியில் திரைச்சீலை நெய்ய வைக்கிறேன். பூவே கிடையாது, மூன்று நிறம் மட்டும். பாட்டி சொன்ன அந்த இரண்டு கைகள் அதில் இருக்கின்றன.

அப்புறம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நம் சோழமண்டலக் கரையின் சாயம் தீட்டிய துணிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் இவை அத்தனை விரும்பப்பட்டதால், உள்ளூர் நெசவாளர்களைக் காக்க 1721-ல் இந்தியப் பருத்தி அச்சுத் துணிகளை உடுத்தவே தடைச் சட்டம் வந்தது. அங்கிருந்து வந்த மாதிரிகளை நம் ஓவியர்கள் தங்கள் கைப்பழக்கத்துக்கு மாற்றித் தீட்டினார்கள். பழையதும் புதியதும் அன்றே பேசிக்கொண்டுதான் இருந்தன. அந்தத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்ற செடியின் வேரில் வந்தது. துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். பாலின் கொழுப்பு, மேலே தீட்டுவது இழையோடு பரவாமல் தடுக்கும். நான் படத்தைவிட இந்தப் பாலைத்தான் பார்க்கச் சொல்வேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கலாக்ஷேத்ரா பற்றிப் பேச வந்தேன். பழைய சேலைகளின் அகலக் கரைகளை, அந்தக் கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அங்கே மறுபடி தறியில் ஏற்றினார். திருவான்மியூர் பக்கம் போனால் அந்தச் சேலைகளைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.