சிக்கிய கூடும் சிக்காத கணக்கும்

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தப் பித்தளைத் துண்டைக் கொஞ்சம் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். .308 என்ற ரைபிள் தோட்டாவின் காலிக் கூடு. கழுத்துப் பக்கம் பளபளவென்று இருக்கிறது. அடிப்பக்கம் விளிம்பு பிய்ந்து, நடுவில் ஒரு பெரிய ஓட்டை. சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுதான் டை; இதை அதிலிருந்து வெளியே எடுக்க நேற்று எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினால் காசு மிஞ்சுமா என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதைச் சொல்லித் தீர்க்காமல் எனக்கு வேறு பேச்சு வராது.

நேற்று காலையில் கைத்துப்பாக்கிக்கான 9 மி.மீ. கூடுகளை டையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் கார்பைடு டை, மசகு தடவ வேண்டியதில்லை. கூட்டை வை, டை மாட்டிய பிரஸ்ஸின் நெம்புகோலை இறக்கு, எடு, அவ்வளவுதான். அதே கைப்பழக்கத்தோடு மதியம் ரைபிள் கூடுகளுக்கு மாறினேன். அவற்றுக்கு மசகு தடவியே ஆக வேண்டும். ஆறு கூடுகளுக்குத் தடவினேன். ஏழாவதை எடுக்கும்போது தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து அப்படியே ஏற்றிவிட்டேன். ஏறும்போதே நெம்புகோல் இறுகியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ இன்னும் அழுத்தினேன். திரும்ப இழுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். விளிம்பு மட்டும் கையோடு வந்தது, கூடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பிறகு என்ன? அடியில் துளைத்து, மரை வெட்டி, டையின் வாயில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, போல்ட்டை மாட்டி, ஸ்பேனரால் கால் சுற்று, கால் சுற்றாக இழுத்தேன். ‘புளக்’ என்று அது வெளியே வந்ததே, இலக்கின் நடுப்புள்ளியில் அடித்தபோதுகூட நான் அவ்வளவு கத்தியதில்லை. டையில் ஒரு கீறல் இல்லை!

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு தோட்டாவில் கூடு, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, பாய்ந்து போகும் குண்டு என நான்கு பொருள்கள். விலையில் பெரும் பங்கு பித்தளைக் கூட்டுக்கு. அதுதான் திரும்பத் திரும்பப் பயன்படுவதும். மிச்சமாகும் காசு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 20 தோட்டா கொண்ட ரைபிள் பெட்டியை நானே நிரப்பினால் கடை விலையில் பாதி ஆகிறது. கருவிகளுக்குப் போட்ட பணத்தில் 15 பெட்டி வாங்கியிருக்கலாம். ஆக, 30 பெட்டி, அதாவது 600 தோட்டா நிரப்பிய பிறகுதான் முதல் திரும்புகிறது.

பொறுங்கள், கூடு கழுவும் உருளையை விட்டுவிட்டேன். அளவுகோலையும் விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து மூன்று பெட்டி. அப்படியானால் 720 தோட்டா. என் நோட்டில் இதுவரை 640.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நண்பர் ஒருவர் ஒரு பை நிறையக் காலிக் கூடுகளை இலவசமாகக் கொடுத்தார். வாயெல்லாம் பல்லாக வாங்கிவந்தேன். முதல் கூட்டிலேயே பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி உடைந்தது. விளக்கை அடித்துப் பார்த்தால், நடுவில் ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் ஓரமாக இரண்டு பொடித் துளைகள். பெர்டான் வகை. நமக்கு வேண்டியது நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் வகை. இரண்டும் அவற்றை வடிவமைத்தவர்களின் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் ஓடுவதோ பாக்ஸர் வகை. அந்தப் பை மொத்தமும் பழைய பித்தளைக்குப் போனது.

9 மி.மீ. தோட்டாவை வீட்டில் நிரப்புவது வீண்வேலை என்றுதான் நான் நினைத்துவந்தேன். நேற்றோடு அது உறுதியாகிவிட்டது. மருந்தைக் கிரெயின் என்ற சிறிய எடை அலகில் அளப்பார்கள்; ஒரு பவுண்டு மருந்து என்பது 7000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நாலைந்து கிரெயின் போதும் என்பதால் ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம். கேட்கத் தேனாக இருக்கிறது. ஆனால் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிற சரக்கு அது. மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். அதற்காக ஒவ்வொன்றாக இறக்கும் என் பிரஸ்ஸில் சாயங்காலம் முழுவதையும் தொலைப்பதா? மாட்டேன். இனி 9 மி.மீ. கடையில்தான்.

ரைபிளை விடப்போவதில்லை. நூறு தோட்டாவுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது, அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் நான் நஷ்டத்தில்தான் இருக்கிறேன். போடவில்லை, போடவும் மாட்டேன். என் துப்பாக்கிக்கென்று அளந்து செய்த தோட்டா கடைத் தோட்டாவைவிட இலக்கில் நெருக்கமாக விழுகிறது, அது போதும். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கையேட்டைப் பாருங்கள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிற கூட்டைத் தூக்கி எறியுங்கள். அது இரண்டாகப் பிரியத் தயாராகிவிட்டது.

நேற்றைய தட்டில் இன்னும் 93 கூடுகள் இருக்கின்றன. மசகு டப்பாவை நெம்புகோலிலேயே கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இதோ. அதைத் தள்ளாமல் இனி கைப்பிடியைத் தொடவே முடியாது. தொலைபேசி அடுத்த அறையில்.